காப்பீடு இல்லாத வீட்டில் ஒரு குடலிறக்கம்

மாமா மும்பை தாராவியில் முப்பது ஆண்டுகளாக இட்லி விற்கிறார். விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து அவித்து, அலுமினியக் குண்டானில் அடுக்கி, ஈரத்துணி போட்டு மூடி, சட்னி வாளியைச் சைக்கிளில் மாட்டிக்கொண்டு, ரப்பர் ஹாரனை அமுக்கியபடி மாட்டுங்கா வரை போய்வருவார். நிறைந்த குண்டானைத் தரையிலிருந்து தூக்கிக் கேரியரில் வைப்பதுதான் அந்த நாளின் கனமான வேலை. போன ஆடியில் அப்படித் தூக்கும்போது அடிவயிற்றின் வலப்பக்கம் சுருக்கென்றது. மறுநாள் எலுமிச்சை அளவில் ஒரு புடைப்பு. படுத்தால் உள்ளே போய்விடும். இருமினால் எட்டிப் பார்க்கும். ஒரு வாரம் அவர் யாரிடமும் சொல்லவில்லை. லுங்கியை மறுபடி மறுபடி இறக்கிக் கட்டுவதைப் பார்த்து அத்தைதான் கண்டுபிடித்தார்.

"குடலிறக்கம். ஆபரேஷன்தான் வழி. நாளைக்கே என்று அவசரமில்லை, ஆனால் தள்ளிப்போட்டுக்கொண்டே போகாதீர்கள். குடல் உள்ளே சிக்கிக்கொண்டு இரத்த ஓட்டம் நின்றால் உயிருக்கே ஆபத்து" என்றார் தெருமுனை டாக்டர். அந்த முதல் பாதிதான் எங்களுக்குக் கிடைத்த சலுகை. மாரடைப்பு வந்தவனுக்கு ஒப்பிட்டுப் பார்க்க நேரம் இருக்காது. எங்களுக்கு இருந்தது. காப்பீடு மட்டும் இல்லை.

நான் மாட்டுங்காவில் ஒரு கடையில் கணக்கு எழுதுகிறவன். குடும்பத்தில் விண்ணப்பப் படிவம் என்று எது வந்தாலும் என்னிடம்தான் வரும். நோட்டில் கட்டம் போட்டு, ஒவ்வொரு வழிக்கும் எவ்வளவு ரூபாய் என்று எழுதத் தொடங்கினேன். இரண்டாவது வாரம் அந்தத் தலைப்பை அடித்துவிட்டு 'எத்தனை நாள்' என்று எழுதினேன். மாமாவுக்கு ஒரு நாள் போனால் அன்றைய வருமானம் மட்டும் போவதில்லை. நாலு நாள் வராவிட்டால் வாடிக்கைக்காரர்கள் வேறொரு ஹாரன் சத்தத்துக்குப் பழகிவிடுவார்கள். அதனால் இந்த ஒப்பீட்டில் பணம் இரண்டாவது இடத்தில்தான் இருக்கும்.

முதலில் கேட்டது எங்கள் பகுதி நர்சிங் ஹோமில். அறுபத்தைந்தாயிரம், மருந்து தனி. திங்கட்கிழமை சேர்ந்தால் புதன்கிழமை வீடு. கேட்ட கேள்விக்கெல்லாம் உடனே பதில். கையெழுத்து ஒரே இடத்தில். அத்தை தன் வளையலைத் தொட்டுப் பார்த்துக்கொண்டதை நான் கவனிக்காதது போல இருந்தேன். ஏழைகள் அரசு மருத்துவமனையை விட்டுத் தனியாரிடம் ஏன் ஓடுகிறார்கள் என்று படித்தவர்கள் வியப்பதுண்டு. பகட்டுக்காக யாரும் ஓடுவதில்லை. அங்கே விலைக்குக் கிடைப்பது நாள். தேசிய சுகாதாரக் கணக்குப்படி, நாட்டின் மொத்த மருத்துவச் செலவில் மக்கள் தங்கள் கையிலிருந்து நேரடியாகக் கொடுத்தது 2013-14-ல் 64.2 விழுக்காடு, 2021-22-ல் அது 39.4 விழுக்காடாகக் குறைந்தது. குறைவு பெரிய குறைவுதான். ஆனாலும் நூறில் நாற்பது ரூபாய்க்குச் சற்றுக் குறைவான தொகை இன்னும் வளையலிலிருந்தும் சீட்டிலிருந்தும்தான் வருகிறது. இந்த வழியை நோட்டில் கடைசியாகத்தான் வைத்தேன், ஆனால் அடிக்கவில்லை. குடல் சிக்கிக்கொண்டால் அங்கேதான் ஓடுவோம் என்று எல்லோருக்கும் தெரியும்.

"இப்போதே ஒரு பாலிசி எடுத்துவிட்டால் என்ன?" என்றான் மாமா மகன். வெள்ளம் வருமுன் அணை போடச் சொல்வார்கள். எங்கள் வீட்டில் வெள்ளம் முழங்காலுக்கு வந்தபின் அணைக்கு விலை கேட்டோம். பாலிசி எடுத்த முதல் முப்பது நாளைக்கு விபத்தைத் தவிர எதற்கும் பணம் கிடையாது. குடலிறக்கம், கண்புரை, மூட்டு மாற்று போன்றவற்றுக்குத் தனிப் பட்டியல் வைத்துப் பெரும்பாலான நிறுவனங்கள் இரண்டு ஆண்டு காத்திருக்கச் சொல்கின்றன. பாலிசிக்கு முன்பே இருந்த நோய் என்றால் அதிகபட்சம் மூன்று ஆண்டு. 2024 ஏப்ரல் வரை இது நான்கு ஆண்டாக இருந்தது. வந்த முகவர் நல்ல மனிதர்தான், ஆனால் "டாக்டர் சீட்டைக் காட்ட வேண்டாம், தெரியாது என்று போடுங்கள்" என்றார். இதைக் கேட்டுக் கெட்டவர்கள் எத்தனையோ பேர். நோயை மறைத்தது தெரிந்தால், கட்டிய பிரீமியமும் போய், உரிமை கோரிய பணமும் போகும். தொடர்ந்து ஐந்து ஆண்டு கட்டியபிறகுதான், மோசடி என்று நிரூபித்தாலன்றி நிறுவனம் பழைய கதையைத் தோண்ட முடியாது.

இன்னொன்றையும் அந்தப் படிவத்தில் பார்த்தேன். மூன்று லட்சம் பாலிசியில் அறை வாடகை நாளுக்கு ஒரு விழுக்காடு என்று வரம்பு இருந்தால், மூவாயிரம். மூவாயிரம் அறை காலியில்லை என்று ஆறாயிரம் அறையில் படுத்தால், கூடுதல் வாடகையை மட்டும் நாம் கட்டினால் போதும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். அப்படியல்ல. மருத்துவர் கட்டணம், அறுவை அரங்கக் கட்டணம் எல்லாவற்றையும் அதே விகிதத்தில் பாதியாக வெட்டிவிடுவார்கள். அறை வரம்பு இல்லாத பாலிசியை மட்டும்தான் வாங்கவேண்டும் என்பது என் கட்சி. 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் மருத்துவப் பாலிசிக்கு இருந்த பதினெட்டு விழுக்காடு ஜி.எஸ்.டி. நீங்கியது நல்லதுதான். ஆனால் ஐம்பத்தெட்டு வயதில் மாமாவுக்கும் அத்தைக்கும் சேர்த்துக் கேட்ட பிரீமியம், வரி போனபின்னும், அவர் ஒரு மாதத்தில் வீட்டுக்குக் கொண்டுவருவதைவிட அதிகம். மகனுக்கும் மருமகளுக்கும் இப்போதே எடுக்கச் சொன்னேன். மாமாவின் வரிசையில் இந்த வழியை அடித்துவிட்டேன்.

மாமா மகன் தோல் பை தைக்கும் ஒரு கூடத்தில் வேலை செய்கிறான். தொழிற்கூடத்தில் பத்துப் பேர் இருந்தால் ஈ.எஸ்.ஐ. என்னும் தொழிலாளர் அரசுக் காப்பீடு கட்டாயம். அங்கே தையல் மெஷின் முன் பதினான்கு பேர் உட்கார்ந்திருப்பார்கள். பதிவேட்டில் ஒன்பது பேர். அந்த ஒன்பது தற்செயல் என்று யாரும் நம்பவேண்டாம். மாதம் இருபத்தோராயிரம் வரை சம்பளம் வாங்குகிறவனிடம் 0.75 விழுக்காடு பிடிக்கிறார்கள், முதலாளி 3.25 விழுக்காடு கட்டவேண்டும். பதினைந்தாயிரம் சம்பளத்துக்கு இவன் பங்கு நூற்றுப் பன்னிரண்டரை ரூபாய், முதலாளி பங்கு நானூற்று எண்பத்தேழரை. இந்தப் பணத்துக்குக் குடும்பத்துக்கு மருத்துவம். அவனையே நம்பியிருக்கும் பெற்றோருக்கும் உண்டு. அதைவிட முக்கியம், நோய்க்கால உதவி. தொழிலாளி படுத்தால் சம்பளத்தில் எழுபது விழுக்காடு, ஆண்டுக்கு 91 நாள் வரை. நான் பார்த்த எல்லாத் திட்டங்களிலும், படுத்திருக்கும் நாளுக்கும் ஒரு விலை உண்டு என்று ஒப்புக்கொண்டது இது ஒன்றுதான். 1948-ல் இயற்றிய சட்டம். பிறகு வந்த திட்டங்கள் லட்சக்கணக்கில் பேசுகின்றன, ஆனால் அந்த ஒரு வரியை எடுத்துக்கொள்ளவில்லை. மாமாவுக்கு எப்படியும் அது கிடையாது. மாமாவுக்கு முதலாளி மாமாவேதான். மகனுக்குக் கிடைத்திருக்கவேண்டும். பரேலிலும் முலுண்டிலும் ஈ.எஸ்.ஐ. மருத்துவமனைகள் இருப்பது பதிவேட்டில் பத்தாவது ஆளாக இல்லாதவனுக்கு என்ன பயன்?

அடுத்தது மாநில அரசின் திட்டம். இதில்தான் அதிக நாள் செலவழித்தேன், அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

மகாராஷ்டிரத்தில் 2012-ல் ராஜீவ் காந்தி பெயரில் தொடங்கிய இலவச அறுவை சிகிச்சைத் திட்டம், 2017-ல் மகாத்மா ஜோதிபா புலே பெயருக்கு மாறியது. 2018 செப்டம்பரில் மத்திய அரசின் மருத்துவக் காப்பீட்டுத் திட்டமான ஆயுஷ்மான் பாரத் வந்து, பின்னர் இரண்டும் சேர்ந்து நடக்கின்றன. முன்பு ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு ஒன்றரை லட்சம், வருமானத்துக்கேற்ப நிறம் மாறும் ரேஷன் அட்டைகளில் மஞ்சளுக்கும் கேசரிக்கும் மட்டும் என்றிருந்ததை, ஐந்து லட்சமாக்கி, வெள்ளை அட்டைக்காரர்களுக்கும் விரிப்பதென 2023-ல் முடிவெடுத்து அடுத்த ஆண்டு நடைமுறைப்படுத்தினார்கள். பழைய நோய், புதிய நோய் என்ற பேதம் இல்லை, காத்திருப்புக் காலம் இல்லை, பிரீமியம் இல்லை. காகிதத்தில் பார்த்தால் இதற்கு மேல் ஒப்பிடவே வேண்டியதில்லை. மாமாவிடம் கேசரி அட்டை இருக்கிறது. நேரே போய்ப் படுக்கவேண்டியதுதான் என்று நினைத்தேன்.

திட்டத்தில் சேர்ந்த ஒவ்வொரு மருத்துவமனையிலும் நோயாளிக்கு வழிகாட்ட 'ஆரோக்யமித்ரா' என்று ஒருவர் உட்கார்ந்திருப்பார். நாங்கள் போன தனியார் மருத்துவமனையில் இருந்தவர் பொறுமையான இளைஞர். ஆதாரையும் ரேஷன் அட்டையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இரண்டையும் விரலால் தொட்டு, "இது இரண்டு ஆள்" என்றார்.

மும்பைத் தமிழர்களுக்கு இந்த வியாதி பழகியதுதான். நமக்குப் பெயர் ஒன்று, அப்பாவின் பெயரில் முதலெழுத்து ஒன்று. இந்த ஊரில் பெயர் மூன்று அடுக்கு: தன் பெயர், தகப்பன் பெயர், குடும்பப் பெயர். மாமா தொண்ணூறுகளில் ரேஷன் அட்டைக்கு எழுதிக்கொடுத்தபோது, "மூன்றாவது பெயர் என்ன?" என்று கேட்ட குமாஸ்தாவுக்கு அவரிடம் பதில் இல்லை. பின்னால் வரிசையில் நின்ற யாரோ ஊரில் இவர்கள் இன்னார் என்று சொல்ல, சாதிப் பெயர் அங்கே ஏறிக்கொண்டது. திருநெல்வேலியிலிருந்து ரயில் ஏறியபோது எதையெல்லாம் விட்டுவிட்டு வந்ததாக அவர் நினைத்தாரோ, அதில் ஒன்று அட்டையில் வந்து உட்கார்ந்துவிட்டது. ஆதார் எடுத்தபோது, படித்த மகன் பக்கத்திலிருந்து ஊர் வழக்கப்படி முதலெழுத்தும் பெயரும் மட்டும் எழுதவைத்தான். இப்போது ஆதாரில் ஒருவர், ரேஷன் அட்டையில் ஒருவர். இருவருக்கும் ஒரே குடலிறக்கம்.

திருத்தத்துக்கு ரேஷனிங் ஆபீஸ், உறுதிமொழிப் பத்திரம், நோட்டரி, மறுபடி ரேஷனிங் ஆபீஸ். தாராவி மறுசீரமைப்புக்கு 2024-ல் வீடு வீடாகக் கணக்கெடுக்கத் தொடங்கியதிலிருந்து, 2000 ஜனவரி 1-க்கு முன்பிருந்தே குடியிருக்கிறோம் என்று காட்டுவதற்காக எங்கள் தெருவில் ஒவ்வொரு வீட்டிலும் சான்றுகளோடு ஒரு பிளாஸ்டிக் உறை தயாராக இருக்கிறது. அதே உறையைத் தூக்கிக்கொண்டு அலைந்தோம். மூன்று முற்பகல்கள் போயின. கிடைத்தது ஒப்புகைச் சீட்டு.

இதில் ஒரு வேடிக்கையும் நடந்தது. எழுபது வயது கடந்தவர்களுக்கு, வருமானம் எதுவானாலும், ஐந்து லட்சம் வரையிலான ஆயுஷ்மான் அட்டை 2024 அக்டோபர் முதல் உண்டு. அதற்கு ஆதார் மட்டும் போதும். சும்மா துணைக்கு வந்த ஆச்சிக்கு, வயது எழுபத்தாறு, அரை மணி நேரத்தில் அட்டை கிடைத்துவிட்டது. ஆச்சிக்குப் பிறந்தநாள் ஜனவரி 1. எங்கள் தெருவில் பாதிப் பேருக்கு அதே நாள்தான். காய்ச்சலுக்குக்கூடச் சுக்குக் கஷாயத்தைத் தாண்டாத மனுஷி, அட்டையை முந்தானையில் முடிந்துகொண்டு, "நீயும் சீக்கிரம் எழுபதைத் தொட்டுவிடு" என்று மகனைப் பார்த்துச் சொன்னார். வீட்டில் எழுபது தாண்டியவர் யார் இருந்தாலும் இதை இன்றே செய்துவிடுங்கள். இதற்கு ஒப்பீடு எதுவும் தேவையில்லை.

பெயர் சரியாக இருந்தாலும் இரண்டு விஷயம் கேட்டுத் தெளியவேண்டும். சில சிகிச்சைகளை அரசு மருத்துவமனைகளுக்கு மட்டும் என்று ஒதுக்கிவைத்திருக்கிறார்கள். தனியாரில் அட்டையைக் காட்டிப் பயனில்லை. எந்த மருத்துவமனை எந்தப் பிரிவுக்குச் சேர்ந்திருக்கிறது என்பதும் வேறுபடும். கண்ணுக்குச் சேர்ந்த இடத்தில் வயிற்றைக் காட்டமுடியாது. தவிர, இது படுக்கையில் சேர்ந்தால்தான் வேலை செய்யும் திட்டம். மாதாமாதம் வாங்கும் சர்க்கரை மாத்திரைக்கும் இரத்த அழுத்த மாத்திரைக்கும் இதில் இடமில்லை. கடன் வருவது பெரும்பாலும் அந்த மாத்திரைகளிலிருந்துதான். மக்கள் மருந்தகத்தில் வாங்கினால் அது வெகுவாகக் குறையும் என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

அறக்கட்டளை மருத்துவமனைகள் என்று ஒரு கதவு உண்டு. மாஹிமில் ஹிந்துஜா, பாந்த்ராவில் லீலாவதி, பெட்டர் ரோட்டில் ஜஸ்லோக் எல்லாம் சட்டப்படி பொது அறக்கட்டளைகள். மகாராஷ்டிரப் பொது அறக்கட்டளைச் சட்டத்தின் 41ஏஏ பிரிவும், அதையொட்டி 2006-ல் மும்பை உயர் நீதிமன்றம் வகுத்த திட்டமும் சொல்வது இது: படுக்கைகளில் பத்து விழுக்காடு வறியவர்களுக்கு இலவசம், இன்னொரு பத்து விழுக்காடு நலிந்தவர்களுக்குச் சலுகைக் கட்டணம், இதற்காக மொத்த பில் தொகையில் இரண்டு விழுக்காட்டைத் தனி நிதியாக வைக்கவேண்டும். ஆண்டு வருமானம் 1.80 லட்சத்துக்குள் என்றால் இலவசம், 3.60 லட்சத்துக்குள் என்றால் சலுகை. அவசர நோயாளியை முன்பணம் கேட்காமல் சேர்க்கவேண்டும். கண்ணாடிக் கதவும் காவலாளியும் பார்த்துத் தாராவிக்காரர்கள் உள்ளே நுழையாமல் திரும்பிவிடுகிறார்கள். சட்டம் உள்ளே வா என்கிறது.

மாமாவின் வருமானம் எவ்வளவு? இட்லிக்குச் சம்பளச் சீட்டு கிடையாது. மழைக்காலத்தில் ஒரு கணக்கு, கல்யாண மாதத்தில் ஒரு கணக்கு. மாதம் பதினைந்தாயிரத்துக்குள் என்று எழுதினால் இலவசம், ஒரு ரூபாய் கூடினால் சலுகை. "எவ்வளவு என்று எழுத?" என்று என்னையே கேட்டார். பதினெட்டாயிரம் என்று எழுதினேன், அதுதான் உண்மைக்குப் பக்கத்தில். வருமானச் சான்றுக்குத் தாசில்தார் அலுவலகம். அதற்கு நாள் கேட்டார்கள். சான்று வரும்முன்பே ஒரு மருத்துவமனையில் விசாரித்தோம். எது என்று எழுதப்போவதில்லை. சமூகப் பணியாளர் நல்ல மாதிரிதான் பேசினார், ஆனால் ஒதுக்கீட்டுப் படுக்கை நிரம்பிவிட்டது என்றார். அன்று காலை இணையத்தில் நான் பார்த்த காலியிட எண்ணிக்கை வேறு கதை சொன்னது. வாதாடினால் கிடைத்திருக்கலாம். ஆனால் என் கருத்து, இந்தக் கதவைக் குடலிறக்கத்துக்காக முட்டக்கூடாது. பிறந்த குழந்தைக்குத் தீவிர சிகிச்சை, இதயத்தில் வால்வு, மூளையில் கட்டி என்று லட்சங்கள் கேட்கும் நோய்க்குத்தான் அந்த அலைச்சல் தகும். சான்றை மட்டும் வாங்கி உறையில் போட்டுவைத்தோம்.

ஊருக்குப் போய்விடலாம் என்ற யோசனை ஆச்சியுடையது. உறவினர் எல்லோரும் அதற்கே கை தூக்கினார்கள். நானும் முதலில் அதைக் குறைவாக எடைபோட்டுவிட்டேன்.

தமிழ்நாட்டில் முதல்வர் காப்பீட்டு அட்டைக்கு அந்த மாநிலக் குடும்ப அட்டையும், ஆண்டு வருமானம் 1.20 லட்சத்துக்குள் என்ற சான்றும் வேண்டும். மும்பையில் அட்டை வாங்கிய அன்றே மாமாவின் பெயர் ஊர் அட்டையிலிருந்து நீங்கிவிட்டது. ஒரே நாடு ஒரே ரேஷன் என்பது அரிசிக்கு, காப்பீட்டுக்கு அல்ல. ஆனால் பாளையங்கோட்டை ஹைகிரவுண்டில் இருக்கும் அரசு மருத்துவமனையில் இந்த அறுவைக்கு அட்டையே தேவையில்லை. போய் நின்றால் பார்ப்பார்கள். 1994-ல் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் தொடங்கி மருந்தை மொத்தமாக வாங்கி மாவட்டக் கிடங்குகள் வழியாகக் கொடுக்கத் தொடங்கியதிலிருந்து, வெளியே மருந்து எழுதிக்கொடுக்கும் வழக்கம் அங்கே வெகுவாகக் குறைந்துவிட்டது.

அதைவிடப் பெரியது மொழி. தெருமுனை டாக்டர் தமிழர்; அவரிடம் மாமா வலியைப் பற்றி ஐந்து நிமிடம் பேசினார். எழும்போது இழுக்கிறது, மாலையில் கனக்கிறது, இருமும்போது உள்ளிருந்து யாரோ பிதுக்குவது போல இருக்கிறது. பின்னால் ஒரு இளம் மருத்துவர் இந்தியில் கேட்டபோது, முப்பது ஆண்டு இந்தியில் இட்லி விற்ற அதே மனிதர் "தர்த் ஹை", வலிக்கிறது, என்று இரண்டு சொல்லோடு நிறுத்திக்கொண்டார். விலை சொல்லவும் சில்லறை கேட்கவும் அவருக்கு அந்த மொழி போதும்.

நாள் கணக்குதான் இதைக் கவிழ்த்தது. நாகர்கோவில் எக்ஸ்பிரஸில் ஒன்றரை நாள் போக, ஒன்றரை நாள் வர. மூத்த குடிமக்களுக்கான கட்டணச் சலுகை 2020 மார்ச்சில் நின்றதுதான், திரும்பவில்லை. ஆச்சிக்கும் முழு டிக்கெட். பரிசோதனை, காத்திருப்பு, அறுவை, பிறகு கனம் தூக்காமல் நாலு முதல் ஆறு வாரம். தங்கை வீட்டுத் திண்ணையில் அந்த ஓய்வு உண்மையிலேயே ஓய்வாக இருக்கும். கண்ணெதிரே குண்டான் இருக்காது. தாராவியில் பத்தாம் நாளே அதைத் தூக்கிப் பார்ப்பார் என்று அத்தை சத்தியம் செய்தார். இருந்தாலும் இரண்டு மாதம் மாமாவும் அத்தையும் இல்லாமல் போனால், மாட்டுங்கா வழி கைவிட்டுப்போகும். சேமிப்பும் பின்னால் இரண்டு பிள்ளைகளும் உள்ள வீடாக இருந்தால் நான் ஊரையே சொல்லியிருப்பேன்.

மிச்சம் மாநகராட்சி மருத்துவமனை. கே.ஈ.எம்., சயான், நாயர், கூப்பர் என்று மும்பை மாநகராட்சி நடத்தும் பெரியவை நான்கு. சயான் மருத்துவமனைக்கு லோகமான்ய திலகர் பெயர். 1947-ல் ராணுவக் கொட்டகையில் பத்துப் படுக்கையோடு தொடங்கி, இன்று ஆயிரத்தைத் தாண்டி நிற்கிறது. ஆசியாவின் முதல் தாய்ப்பால் வங்கி 1989-ல் அங்கேதான் அமைந்தது. தாராவிப் பிள்ளைகளில் எத்தனையோ பேர் அந்தக் கட்டடத்தில்தான் முதல் அழுகை அழுதிருப்பார்கள். நாங்கள் போனது இந்த நான்கில் ஒன்றா, இன்னொன்றா என்பது இங்கே வேண்டாம்.

இங்கே யாரும் அட்டை கேட்பதில்லை, பெயரில் எத்தனை அடுக்கு என்று பார்ப்பதில்லை. பத்து ரூபாய்க்குக் கேஸ் பேப்பர் என்னும் பதிவுச் சீட்டைப் போட்டால் நீங்கள் நோயாளி. ஆனால் ஒன்றைப் புரிந்துகொள்ளாமல் போனால் மாதங்கள் போய்விடும். அறுவைத் துறை பல யூனிட்டுகளாகப் பிரிந்திருக்கும். ஒவ்வொரு யூனிட்டுக்கும் வாரத்தில் குறிப்பிட்ட புறநோயாளி நாள், குறிப்பிட்ட அறுவை நாள். முதல்முறை செவ்வாய்க்கிழமை போனால் நீங்கள் செவ்வாய் யூனிட்டின் ஆள். இரத்தப் பரிசோதனை முடிவோடு வியாழக்கிழமை போய் நின்றால், அடுத்த செவ்வாய் வா என்பார்கள். அது அலட்சியம் இல்லை. உங்களைப் பார்த்த மருத்துவர்கள் அன்று அறுவை அரங்கில் இருப்பார்கள். இதை யாரும் சுவரில் எழுதி ஒட்டவில்லை. நாங்கள் ஒரு முற்பகல் இழந்து கற்றோம்.

மாமாவுக்குச் சர்க்கரை கூடுதல் என்று மயக்க மருந்து மருத்துவர் திருப்பி அனுப்பினார். அதற்காக மறுபடி மறுபடி பெரிய மருத்துவமனை வரிசையில் நிற்காமல், மாநகராட்சியின் ஆப்லா தவாகானா ஒன்றில் இரவு எட்டு மணிக்குப் போய்ச் சர்க்கரை பார்த்து மாத்திரை வாங்கினோம். 2022-ல் தொடங்கிய இந்தச் சிறு மருத்துவமனைகளில் பல இரவு பத்து மணி வரை திறந்திருக்கின்றன. உழைக்கிறவன் வேலை முடிந்து வரும் நேரத்தில் திறந்திருக்கும் மருத்துவமனை என்பதை யோசித்தவர் யாரோ, அவர் கூலி வேலை பார்த்த வீட்டுப் பிள்ளையாக இருக்கவேண்டும்.

குடல் மறுபடி பிதுங்காமல் உள்ளே வைக்கும் வலை கையிருப்பில் இல்லை, வெளியே வாங்கிவாருங்கள் என்றார்கள். நாலாயிரத்துச் சொச்சம். இலவசம் என்ற சொல்லுக்குள் எப்போதும் இப்படி ஒரு சீட்டு ஒளிந்திருக்கும் என்று எதிர்பார்த்தே பணம் வைத்திருந்தேன். மொத்தக் கணக்கு: ஏழு முற்பகல், படுக்கையில் நாலு நாள், ஏழாயிரம் ரூபாய்க்குச் சற்றுக் குறைவு. நர்சிங் ஹோமுக்கும் இதற்கும் வித்தியாசம் ஏறத்தாழ அறுபதாயிரம் ரூபாய். முற்பகலையும் முழு நாளாகவே எண்ணி, நர்சிங் ஹோமின் மூன்று நாளைக் கழித்தால், எதிர்ப்பக்கத்தில் எட்டு நாள். மாமா ஒரு நாளைக்குக் கையில் மிஞ்சக் காண்பது அறுநூறு, அறுநூற்றைம்பது. எட்டு நாளுக்கு ஐயாயிரத்துச் சொச்சத்தைத் தாண்டவில்லை. வாடிக்கை போகாமல் பார்த்துக்கொண்டால் இதுதான் சரி என்று நோட்டில் கோடு போட்டேன். முற்பகல்களில் வரிசையில் இடம் பிடித்து நிற்க நானும் மாமா மகனும் மாறி மாறிப் போனோம்; மாமா விற்பனையை முடித்துவிட்டு வந்து சேர்ந்துகொள்வார். எங்கள் முற்பகல்களை நோட்டில் எழுதவில்லை. எழுதியிருக்கவேண்டும். துணைக்கு இப்படி இரண்டு ஆள் இல்லாதவர், தனியாக வந்து கட்டட வேலை பார்க்கிறவர், இதே கணக்கைப் போட்டால் வேறு விடைதான் வரும்.

ஆபரேஷன் நாளிலிருந்து ஆறு வாரம் மகன் விடியற்காலையில் குண்டானைத் தூக்கிவைத்துவிட்டு, ஒரு சுற்று விற்றுவிட்டு, பத்து மணிக்குப் பை தைக்கப் போனான். பெரிய குண்டானை விற்று இரண்டு சிறியவை வாங்கினோம். பன்னிரண்டாம் நாள் மாமா வாசலில் உட்கார்ந்து, தெருமுனையில் மகன் அமுக்கும் ஹாரனைக் கேட்டு, "இவ்வளவு அவசரமாக அமுக்கினால் மூன்றாம் மாடிக்காரி எப்படிப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு இறங்குவாள்?" என்று எரிச்சல்பட்டார்.

தையல் பிரித்த மறுவாரம் ரேஷனிங் ஆபீசிலிருந்து கைப்பேசிக்குச் செய்தி வந்தது, பெயர் திருத்தம் முடிந்தது என்று. போய் வாங்கிவந்து கொடுத்தேன். மாமா கண்ணாடியைத் தேடவில்லை. அட்டையை என்னிடமே திருப்பி நீட்டி, அந்த மூன்றாவது பெயர் போய்விட்டதா என்று மட்டும் பார்க்கச் சொன்னார்.

எழுத்துப்பிழையைத் திருத்தியிருந்தார்கள். அந்தப் பெயர் அப்படியே இருந்தது.